பரிசோதனை முடிவுகள் எல்லாம் 'நார்மல்' என்றால், வி.ஏ.விடம் எதை நிரூபிப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் 2009-இல், குடியுரிமை இல்லாதவர்களையும் மொழித்திறன் போன்ற தகுதிகளுக்காகப் படையில் சேர்த்த மாவ்னி திட்டத்தின் வழியாக, தமிழ் தெரிந்தவர் என்ற தகுதியில், அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்தார். 2011-இலிருந்து 2012 வரை ஆப்கானிஸ்தானில் கந்தகார் விமானத்தளத்தில் இருந்தார். அங்கே கடைசி மாதங்களில் தொடங்கிய உடல்வலியும், தூங்கி எழுந்தாலும் தீராத அசதியும், வாரத்தில் மூன்று நான்கு நாள் வரும் வயிற்றுப்போக்கும் இன்றுவரை விடவில்லை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், குடல்நோக்கிப் பரிசோதனை என எதை எடுத்தாலும் 'நார்மல்' என்றே வருகிறது. 2019-இல் முன்னாள் படைவீரர் நலத்துறையிடம், அதாவது வி.ஏ.விடம், இழப்பீடு கோரியபோது, நோய் எதுவும் கண்டறியப்படவில்லை, பணியோடு தொடர்பும் காட்டப்படவில்லை என்று நிராகரித்துவிட்டார்கள். இப்போது தனியார் மருத்துவர் ஒருவரிடம் ஏதாவது ஒரு நோயின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு நோய்ப்பெயரை எங்கே வாங்குவது என்பதாகத் தெரிந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது வேறு. பெயரே இல்லாத ஓர் உபாதையை அரசாங்கம் உபாதையாக ஏற்றுக்கொள்ளுமா என்பதுதான் அது. ஏற்றுக்கொள்ளும். அதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் நோய்ப்பெயர் இல்லாமை குறையே அல்ல. அவசரப்பட்டு வாங்கும் ஒரு பெயர்தான் அவரை அந்தச் சட்டத்திற்கு வெளியே தள்ளிவிடக்கூடும். நான் டெக்சஸில் பதினாறு ஆண்டுகளாக, வி.ஏ. அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியாக, இத்தகைய கோரிக்கைகளை நடத்தி வருகிறேன். மருத்துவர் அல்ல, உங்கள் கணவரின் கோப்பையும் பார்க்கவில்லை. ஆகவே சட்டத்தைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள், அவருடைய உடலைப் பற்றிய எதையும் அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள்.

சாதாரணமாக ஒரு முன்னாள் படைவீரர் இழப்பீடு பெற மூன்றைக் காட்ட வேண்டும்: இப்போது ஒரு பாதிப்பு இருக்கிறது, பணிக்காலத்தில் ஏதோ ஒன்று நடந்தது, அந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று மருத்துவர் சொல்கிறார். இந்த மூன்றாவது படியில்தான் பெரும்பாலோர் விழுந்துவிடுகிறார்கள். 1990, 1991-இல் குவைத் போருக்காக ஏறத்தாழ 7 லட்சம் அமெரிக்க வீரர்கள் வளைகுடாவுக்குப் போனார்கள். திரும்பி வந்தவர்களில் பல்லாயிரம் பேர் ஒரே மாதிரியான வலியையும் அசதியையும் மறதியையும் வயிற்றுக் கோளாறையும் சொன்னார்கள். மருத்துவர்களால் காரணம் சொல்ல முடியவில்லை. காரணம் தெரியாத இடத்தில் தொடர்பை நிரூபி என்று கேட்பது முடியாததைக் கேட்பதாகும் என்பதை உணர்ந்த அமெரிக்க நாடாளுமன்றம் 1994-இல் ஒரு தனிச்சட்டம் இயற்றியது. குறிப்பிட்ட நாடுகளில் பணியாற்றியவருக்கு, கண்டறிய முடியாத நாள்பட்ட உபாதை இருக்குமானால், அது பணியால் வந்தது என்றே சட்டம் அனுமானித்துக்கொள்ளும். 2001-இல் இது விரிவாக்கப்பட்டு, பெயர் உண்டு ஆனால் விளக்கம் இல்லை என்ற வகையான பல அறிகுறி நோய்களும் சேர்க்கப்பட்டன. நாள்பட்ட சோர்வு நோய், உடல் முழுதும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா, ஐ.பி.எஸ். எனப்படும் எரிச்சல் குடல் நோய் போன்ற, உறுப்பில் பழுது காணப்படாத குடல் கோளாறுகள் ஆகியவை அதற்கான எடுத்துக்காட்டுகளாகச் சட்டத்திலேயே வருகின்றன. வி.ஏ.வின் விதிகளில் இது 3.317 என்ற எண்ணில் இருக்கிறது. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாக் கடிதங்களிலும் இதைத்தான் தேட வேண்டும். இந்த விதியின்கீழ் வரும் உபாதைக்கு மருத்துவத் தொடர்புச் சான்று தேவையில்லை என்பதை 2004-இல் குட்டியெரெஸ் எதிர் பிரின்சிப்பி வழக்கில் முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எதனால் இப்படி வருகிறது என்று நீங்களும் தேடிப் படித்திருப்பீர்கள். 1991-ஆம் ஆண்டுப் போர்வீரர்களைப் பொறுத்தவரை, நரம்புவாயுவுக்கு முன்காப்பாகக் கொடுக்கப்பட்ட பிரிடோஸ்டிக்மின் மாத்திரைகள், பூச்சிக்கொல்லிகள், எரிந்துகொண்டிருந்த 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள், 1991 மார்ச்சில் ஈராக்கின் கமிசியாவில் ஆயுதக்கிடங்கைத் தகர்த்தபோது காற்றில் கலந்த சாரின் என்ற நரம்புவாயு ஆகியவை சொல்லப்படுகின்றன. 2022-இல் டெக்சஸ் ஆய்வாளர்கள், உடலில் சாரினை முறிக்கும் நொதிக்கான மரபணு வேறுபாட்டையும் இந்த நோயையும் இணைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மதிக்கத்தக்க ஆய்வு, ஆனால் விவாதம் அதோடு முடிந்துவிடவில்லை. கந்தகாரில் அதே காரணங்கள் இல்லை; அங்கே திறந்தவெளியில் குப்பையை எரித்த குழிகளும் நுண்தூசியும்தான் பேசப்படுகின்றன, அவற்றுக்கும் உடல்வலிக்கும் உள்ள தொடர்பு அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், விண்ணப்பத்தில் காரணத்தை விளக்க முயன்று பக்கம் பக்கமாக எழுதுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். சட்டம் காரணத்தைக் கேட்கவில்லை. உபாதை இருப்பதைத்தான் கேட்கிறது.

அப்படியானால் 2019-இல் ஏன் நிராகரித்தார்கள்? நீங்கள் கோபப்படுவது நியாயம். ஆனால் அன்றைய சட்டப்படி அந்த முடிவை முழுத் தவறென்று சொல்ல முடியாது. 3.317 விதியின் நாடுகளின் பட்டியலில் ஈராக், குவைத், சவூதி அரேபியா, பஹ்ரைன், கத்தார், அமீரகம், ஓமன் ஆகியவையும் அவற்றை ஒட்டிய கடற்பகுதிகளும் இருந்தன, ஆப்கானிஸ்தான் இல்லை. குண்டு விழும் ஊரில் ஓராண்டு இருந்தவருக்கு அந்தப் பாதை மூடப்பட்டே இருந்தது. பணியில் நச்சுப்புகை போன்றவற்றுக்கு ஆளான படைவீரர்களுக்காக 2022 ஆகஸ்ட் 10-ஆம் தேதி கையெழுத்தான பாக்ட் சட்டம் இதை மாற்றியது. ஆப்கானிஸ்தானும், அதோடு இஸ்ரேல், எகிப்து, துருக்கி, சிரியா, ஜோர்டான் ஆகியவையும் பட்டியலில் சேர்ந்தன. உபாதை ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் வி.ஏ.வின் பாதிப்பு மதிப்பீட்டில் குறைந்தது 10 விழுக்காடு அளவுக்கு வெளிப்பட்டிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் நீங்கி, எந்தக் காலத்திலும் எந்த அளவிலும் வெளிப்பட்டால் போதும் என்றானது. உங்கள் கணவரின் நிலை 2019-க்கும் இன்றைக்கும் இடையில் மாறியது இதனால்தான். அவருடைய உடலில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை இல்லை.

இனி, நோய்ப்பெயரை எழுதி வாங்குவது பற்றி. உண்மையில்லாத ஒன்றை எழுதி வாங்குவது மோசடி, அது இழப்பீட்டையே பறித்துவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். நீங்கள் அதைக் கேட்கவும் இல்லை. ஆனால் நல்ல எண்ணத்தோடு எழுதப்படும் பெயரும் கெடுதல் செய்யும். ஈராக்கில் இருந்து வந்த ஒரு படைவீரருக்கு நான் பிரதிநிதியாக இருந்தேன். முழங்காலும் தோளும் இடுப்பும் மாறி மாறி வலிக்கும், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. அவர்மேல் இரக்கப்பட்ட குடும்ப மருத்துவர், கோரிக்கைக்கு உதவும் என்று நினைத்து, வயதால் வரும் மூட்டுத் தேய்மானம் என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டார். தேய்மானம் என்பது காரணம் தெரிந்த நோய். காரணம் தெரிந்தால் 3.317-இன் அனுமானம் கிடையாது. வயதால் வந்தது என்று எழுதிவிட்டதால் பணித் தொடர்பும் போயிற்று. அந்த ஒரு வரியை மறுக்க எங்களுக்கு இரண்டு ஆண்டுகளும், ஒரு மூட்டுவாத நிபுணரின் அறிக்கையும் தேவைப்பட்டன. தூக்கக் கோளாறு என்று கோரியவருக்குத் தூக்கப் பரிசோதனையில் மூச்சுத்திணறல் நோய் என்று பெயர் கிடைத்ததும், அந்தப் பகுதி இந்த விதியிலிருந்து வெளியேறிவிடுவதையும் அடிக்கடி பார்க்கிறேன். அதற்காகப் பரிசோதனையைத் தவிர்க்கச் சொல்லவில்லை. மூச்சுத்திணறலுக்குச் சிகிச்சை உண்டு, உடல்நலம்தான் முதலில். எந்தப் பெயர் எந்தக் கதவைத் திறக்கும், எதை மூடும் என்று தெரிந்துகொண்டு நடங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இழப்பீட்டை முடிவுசெய்ய வி.ஏ. அனுப்பும் சி அண்ட் பி என்ற மருத்துவப் பரிசோதனையில் இது மிகத் தெளிவாக வெளிப்படும். வளைகுடாப் பொதுப் பரிசோதனையில் மருத்துவர், ஒவ்வொரு உபாதையையும் நான்கு வகைகளில் ஒன்றில் வைக்க வேண்டும். ஒன்று, கண்டறியப்படாத நோய்; இரண்டு, பெயர் இருந்தும் காரணம் தெரியாத, விளக்கமில்லாத பல அறிகுறி நோய்; மூன்று, காரணம் ஓரளவு விளங்கிய பல அறிகுறி நோய்; நான்கு, தெளிவான காரணமும் பெயரும் கொண்ட நோய். முதல் இரண்டில் வைத்தால் அனுமானம் பொருந்தும். பின்னிரண்டில் வைத்தால், பணித் தொடர்பு 'இருப்பதற்கும் இல்லாததற்கும் சமவாய்ப்பேனும் உண்டு' என்ற மருத்துவக் கருத்து தேவைப்படும். நீரிழிவும், மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோயும் ஓரளவு விளங்கிய நோய்கள் என்று விதியே விலக்கிவிடுகிறது. இரண்டாவது வகைக்கும் மூன்றாவதற்கும் இடையிலுள்ள கோடுதான் வழக்குகள் நடக்கும் இடம். 2018-இல் ஸ்டூவர்ட் எதிர் வில்கி வழக்கில், நோயின் காரணமோ அது உடலுக்குள் இயங்கும் விதமோ, இரண்டில் ஏதேனும் ஒன்று தெளிவாகாமல் இருந்தாலே அது விளக்கமில்லாத நோய்தான் என்று தீர்ப்பானது. மருத்துவர் இரண்டில் ஒன்றை மட்டும் பேசிவிட்டு மூன்றாவது வகையில் போட்டிருந்தால், இந்தத் தீர்ப்பைச் சுட்டி மறுக்கலாம்.

பரிசோதிக்கும் மருத்துவருக்கே இந்த விதி நன்றாகத் தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்க அரசின் தணிக்கை நிறுவனமான ஜி.ஏ.ஓ. 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2015 நிதியாண்டில் வளைகுடா நோய்க் கோரிக்கைகளில் 17 விழுக்காடு மட்டுமே ஏற்கப்பட்டன; மற்ற கோரிக்கைகள் ஏற்கப்பட்டதில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இதற்கென்று இருந்த பயிற்சியை வி.ஏ. மருத்துவர்களில் பத்தில் ஒரு பங்கினரே முடித்திருந்தார்கள் என்றும் அந்த அறிக்கை சொன்னது. அதன்பின் நிலைமை மேம்பட்டிருக்கிறது, சட்டமும் மாறியிருக்கிறது. ஆனாலும் பரிசோதனை முடிந்ததும் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, எந்த வகையில் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதை நான் ஒருபோதும் விடுவதில்லை.

உங்கள் கணவரின் உழைப்பு எங்கே தேவை என்றால், உபாதை உண்மையில் இருக்கிறது என்பதைக் காட்டுவதில்தான். ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்திருக்க வேண்டும். கூடியும் குறைந்தும் வந்தாலும் ஆறு மாதக் காலத்தில் அப்படி வந்தால் கணக்கில் சேரும். அத்துடன் பிறர் சரிபார்க்கக்கூடிய புறச்சான்று வேண்டும். புறச்சான்று என்றதும் ஸ்கேனை நினைத்துவிடுகிறோம். விதி அப்படிச் சொல்லவில்லை. மருத்துவம் சாராத, ஆனால் தனியாகச் சரிபார்க்கக்கூடிய குறிகளும் போதும் என்கிறது. வேலைக்கு விடுப்பு எடுத்த நாள்கள், மருத்துவரிடம் போன தேதிகள், முன்பு தூக்கிய பாரத்தை இப்போது தூக்க முடியாமை, உடல் தோற்றத்தில் வந்த மாற்றம் ஆகிய எல்லாம் இதில் அடங்கும். நோய்ப்பெயர் இல்லாத வெறும் வலிகூட, அது உடலின் செயலைக் குறைக்குமானால், பாதிப்பாகும் என்று 2018-இல் சாண்டர்ஸ் எதிர் வில்கி வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதும் உங்களுக்குத் துணை நிற்கும்.

இந்த இடத்தில் நம்மவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவர் உள்ளே வந்து எப்படி இருக்கிறீர்கள் என்றால், நம் ஆண்கள் 'பரவாயில்லை' என்பார்கள். வலியைச் சொல்லிக்கொள்வது அழகல்ல என்று வளர்த்திருக்கிறார்கள். படையும் அதையே கற்றுக்கொடுத்தது. அந்தப் பரவாயில்லை, மருத்துவக் குறிப்பில் 'நோயாளிக்குக் குறை எதுவும் இல்லை' என்று பதிவாகிவிடும். பத்தாண்டுக் குறிப்புகளில் இந்த வரி பத்து முறை இருந்தால், முடிவெடுக்கும் அதிகாரி அதைத்தான் நம்புவார். ஆகவே இனி ஒவ்வொரு முறையும், எதற்காகப் போனாலும், வலியையும் அசதியையும் வயிற்றையும் பற்றி உள்ளது உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம். குறைத்தும் சொல்ல வேண்டாம். நல்ல நாள், மோசமான நாள் இரண்டையும் சொல்லட்டும்.

பழைய குறிப்புகளில் உள்ள இடைவெளியை நிரப்பப் போகிறவர் நீங்கள்தான். உடன் வாழ்பவரின் சாட்சியத்தை வி.ஏ. கருத்தில் கொண்டே ஆக வேண்டும். அதற்கு 21-10210 என்ற எண்ணுள்ள படிவம் இருக்கிறது. 'என் கணவர் மிகவும் கஷ்டப்படுகிறார்' என்று எழுதினால் பயனில்லை. எப்போது முதல் கவனித்தீர்கள், மாதத்தில் எத்தனை நாள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை, எந்தப் பயணத்தைக் கழிப்பறைக்காகக் கைவிட்டீர்கள், குழந்தையைத் தூக்குவதை எப்போது நிறுத்தினார் என்று கண்ணால் கண்டதை எழுதுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், சமையலறையில் தொங்கிய தினசரி நாள்காட்டியின் தாள்களில் மனைவி, கணவருக்கு முடியாத நாள்களைச் சிறு புள்ளியிட்டு வைத்திருந்தார். கோரிக்கைக்காக அல்ல, சமையலைத் திட்டமிடுவதற்காக. மூன்று ஆண்டுத் தாள்கள் இருந்தன. அந்தக் கோப்பில் இருந்த எந்த மருத்துவ அறிக்கையையும்விட அந்தப் புள்ளிகள் வலுவாகப் பேசின. நோயின் பெயரையோ காரணத்தையோ மட்டும் நீங்கள் எழுதாதீர்கள். அது மருத்துவர் சொல்ல வேண்டியது, நீங்கள் எழுதினால் மற்றவற்றின் மதிப்பும் குறையும். அவரோடு கந்தகாரில் இருந்த நண்பர் ஒருவர், அங்கேயே வயிறு கெட்டதைப் பார்த்திருந்தால், அவரும் எழுதித் தரலாம்.

எவ்வளவு கிடைக்கும் என்ற கேள்விக்கு எல்லையை மட்டும் சொல்கிறேன். பாதிப்பை வி.ஏ. விழுக்காட்டில் மதிப்பிடும், தொகை அதைப் பொறுத்தது. ஃபைப்ரோமயால்ஜியா என்று முறையாகக் கண்டறியப்பட்டால் 10, 20, 40 விழுக்காடுகளில் ஒன்று. வலி ஏறக்குறைய இடைவிடாமல் இருந்து சிகிச்சைக்கும் கட்டுப்படாவிட்டால்தான் 40. ஐ.பி.எஸ்.ஸுக்கு 2024 மே மாதம் முதல் 10, 20, 30. நாள்பட்ட சோர்வு நோய்க்கு 100 வரை போகலாம். விழுக்காடுகளை நேராகக் கூட்டமாட்டார்கள்: ஒன்றுக்கு 40, இன்னொன்றுக்கு 30 என்றால், 40 போக மிஞ்சிய 60-இல் 30 விழுக்காடு 18, ஆக 58, அதை 60 ஆக்குவார்கள். ஆனால் இங்கே ஓர் ஐயத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரே அறிகுறிக்கு இரண்டு முறை மதிப்பீடு தரக்கூடாது என்பது விதி. ஃபைப்ரோமயால்ஜியாவின் அளவுகோலிலேயே அசதியும் குடல் உபாதையும் சேர்ந்திருக்கின்றன. ஃபைப்ரோமயால்ஜியாவையும் ஐ.பி.எஸ்.ஸையும் தனித்தனியே மதிப்பிட்ட முடிவுகளையும் பார்த்திருக்கிறேன், மறுத்த முடிவுகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் கிடைக்கும் என்று வீட்டுக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

நடைமுறையில், 2019-இல் மறுக்கப்பட்டவற்றுக்கு 20-0995 படிவத்தில் துணைக் கோரிக்கை தாக்கல் செய்யுங்கள். சட்டம் மாறியதே மறுபரிசீலனைக்குக் காரணமாகும். அதைப் படிவத்தில் பாக்ட் சட்டம் என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு, உங்கள் சாட்சியத்தையும் புதிய மருத்துவக் குறிப்புகளையும் இணையுங்கள். ஆப்கானிஸ்தானில் இருந்ததற்கு டி.டி. 214 எனப்படும் பணிவிடுவிப்பு ஆவணமோ பணி ஆணையோ போதும். அன்று கோராத புதிய உபாதைகளை வேறு படிவத்தில் தனியே கோர வேண்டும். மூக்கடைப்போ சைனஸோ ஆஸ்துமாவோ இருந்தால் அவற்றை 3.317-க்குள் திணிக்காதீர்கள், எரிகுழிகளுக்கான பாக்ட் சட்டப் பட்டியலில் அவை பெயரோடு இருக்கின்றன, அந்த வழி எளிது. வளைகுடாப் பதிவேட்டுப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. அது உடல்நலத்துக்கு நல்லது, ஆனால் அது கோரிக்கை அல்ல. அதைச் செய்துவிட்டுக் கோரிக்கை பதிவாகிவிட்டது என்று காத்திருந்தவர்கள் உண்டு.

பணம் எந்தத் தேதியிலிருந்து கிடைக்கும் என்பதில் மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். 2019-க்குப் பின்னோக்கிப் போவது மிகக் கடினம், ஏனென்றால் ஆப்கானிஸ்தானில் இருந்தவர்களுக்கு அன்று அந்தச் சட்டமே இல்லை. ஆனால் பாக்ட் சட்டம் வந்த நாளிலேயே அவர் எல்லாத் தகுதியும் கொண்டிருந்து, அது இடைவிடாமல் தொடர்ந்ததையும் காட்ட முடிந்தால், சட்டமாற்றத்துக்கான விதியின்படி, நீங்கள் விண்ணப்பிக்கும் நாளுக்கு ஓராண்டு முன்பிலிருந்து தர இடமிருக்கிறது. முடிவுக் கடிதத்தில் இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் ஓராண்டுக்குள் கேளுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் பின்னோக்கிக் கிடைக்கக்கூடிய காலத்தில் ஒரு மாதத்தைக் குறைக்கிறது.

உதவிக்கு யாரிடம் போவது என்றால், டிசேபிள்டு அமெரிக்கன் வெட்டரன்ஸ், அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் அங்கீகரிக்கப்பட்ட அலுவலர்கள் கட்டணமே வாங்குவதில்லை. வழக்கறிஞரோ முகவரோ முதல் முடிவு வருவதற்கு முன் கட்டணம் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. உங்களுக்கு 2019-இல் முடிவு வந்துவிட்டதால் இப்போது வாங்கலாம், நிலுவைத் தொகையில் 20 விழுக்காடு வரை நியாயமானது என்று கருதப்படும். அங்கீகாரம் இல்லாமல், வருங்கால மாதத்தொகையில் பங்கு கேட்கும் நிறுவனங்களும் இணையத்தில் நிறைய இருக்கின்றன. எந்தத் தாளிலும் கையெழுத்திடுமுன் அவர்கள் பெயர் வி.ஏ.வின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஒன்று மட்டும் இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை. 2019 முடிவுக் கடிதத்தில் 'முடிவுக்கான காரணங்கள்' என்ற பகுதி இருக்கும். அதில் ஆப்கானிஸ்தான் பட்டியலில் இல்லை என்ற காரணத்தை மட்டும் சொல்லியிருக்கிறார்களா, அல்லது பரிசோதித்த மருத்துவர் வலிக்கு வேறு ஏதேனும் காரணத்தையும் எழுதியிருக்கிறாரா என்பதைப் பொறுத்து வழி மாறும். முதலாவது என்றால் மேலே சொன்னவை போதும். இரண்டாவது என்றால், அந்தக் கருத்தை மறுக்க மூட்டுவாத நிபுணர் ஒருவரின் நேர்மையான, முழுமையான பரிசோதனை முதலில் தேவைப்படும். பெயர், எண், முகவரி ஆகியவற்றை மறைத்துவிட்டு அந்தப் பகுதியை மட்டும் இங்கே தட்டச்சு செய்து போடுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.